ஆறாவது பிட்

ஜூலை 6, திங்கள்

காலை ஆறரைக்கெல்லாம் எட்டுக் குழுக்களும் புறப்பட்டுப் போய்விட்டன. மழைக்கால ரோந்து. பன்னிரண்டு நாள் காட்டுக்குள்ளேயே நடை, அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை. ஆறு பெருகிவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று வேட்டைக்காரர்களுக்குத் துணிச்சல் வருமாம். அதனால்தான் இந்த நேரத்தில் போகிறார்கள். நான் வனச்சரக அலுவலகத்தின் ஓரத்து அறையில், ஒழுகாத மூலையாகப் பார்த்து மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன மாதமே பொள்ளாச்சிக்குத் திரும்பியிருக்க வேண்டும். "ரோந்து முடியற வரைக்கும் இருங்க மேடம். மெஷின் மக்கர் பண்ணுனா யாரைக் கூப்பிடறது?" என்றார் ரேஞ்சர் சந்திரமோகன். கம்பெனியும் சரி என்றுவிட்டது. நானும் பெரிதாக மறுக்கவில்லை.

மெஷின் என்று அவர் சொல்வது நாங்கள் செய்த சோப்பு டப்பா அளவுக் கருவியை. வாக்கி டாக்கி எட்டாத காட்டில் ஒரு குழுவுக்கு ஒன்று. தினமும் மாலை ஒரு தடவை திருகியைத் திருப்பிச் செய்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். மலை உச்சிக் கோபுரம் அதை வாங்கி இங்கே அனுப்பும். இங்கே இருப்பது சாஃப்ட்வேர் ரேடியோ: கூரையில் ஆண்டெனா, லேப்டாப்பில் செருக விரல் நீளத்துக்கு ஒரு டாங்கிள். மீதி ரேடியோ முழுக்க என் லேப்டாப்பில் ஓடும் புரோகிராம்.

பேட்டரி பன்னிரண்டு நாள் தாங்க வேண்டும் என்பதால் செய்தியைச் சுருக்கோ சுருக்கென்று சுருக்கியிருக்கிறேன். ஒரே ஒரு பைட். அதில் எட்டு பிட், அதாவது எட்டு ஸ்விட்ச். ஐந்து ஸ்விட்ச் குழு எண்ணுக்கு, மூன்று செய்திக்கு. நலம், உதவி, சேர்ந்துவிட்டோம், திரும்புகிறோம், இப்படி. 'இறப்பு' என்றும் ஒன்று வேண்டும் என்று ரேஞ்சர் கேட்டு வாங்கினார். அங்கே கட்டுவது, இங்கே பிரிப்பது. அம்மாவிடம் என் வேலையை இப்படித்தான் விளக்கினேன். "இதுக்கா இஞ்சினியரிங் படிச்சே?" என்றாள்.

ஏழாம் எண் கருவி மாசிலன் குழுவுக்கு. பயிற்சியின்போது மூன்று தடவை கேட்டார் அந்த மனிதர்: "எத்தனை மணிக்குங்க அம்மிணி?" மூன்று தடவையும் ஐந்தரை என்றேன். கையில் வாட்ச் கூட இல்லை. கடைசியில் அலுத்துப்போய், பொழுது சாயும்போது அழுத்துங்கள் போதும் என்று சொல்லிவிட்டேன்.

வனக்காப்பாளர் சிவநேசனின் 12-ம் எண் கருவியில் பட்டன் சிக்கிக்கொண்டது. மார்ச்சில் வந்த புதுக் கருவிகளிலிருந்து 39-ஐ எடுத்துக் கொடுத்தேன். "எனக்கு மட்டும் புதுசா? ஊர் என்ன பேசும் மேடம்?" என்றார். ஊருக்கு வேறு வேலை இல்லையா என்றேன். நான் இங்கே வந்த மூன்று மாதத்தில் சாயங்காலம் சரியாக ஐந்தரைக்கு டீக்கு வந்து நிற்பவர் அவர் ஒருவர்தான். சுவர்க் கடிகாரத்தையே அவரைப் பார்த்துத் திருத்தலாம்.

ஜூலை 7, செவ்வாய்

ஏழு குழுக்களிடமிருந்து நலம். 39 பேசவில்லை.

7-லிருந்து மட்டும் இரண்டு தடவை. கோபுரம் சந்தேகம் வந்தால் ஒரே செய்தியை மறுபடி அனுப்பும், அது வழக்கம்தான்.

ஜூலை 8, புதன்

மழை. 39 இன்றும் இல்லை. ரேஞ்சரிடம் போய்ச் சொன்னேன். "புது டப்பா டூப்ளிகேட் போல மேடம். ஆளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது, விடுங்க" என்றார். ஆளைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கருவியைப் பற்றித்தான் கேட்டேன்.

ஜூலை 9, வியாழன்

துணி காயவே இல்லை. அலுவலகச் சமையல்காரர் மயிலாத்தா என் சுடிதாரை அடுப்படிக் கொடியில் போட்டுக் காயவைத்துக் கொடுத்தார். இப்போது என்மேல் ரசம் மணக்கிறது. மாசிலனின் மனைவி இவர். சாயங்காலமானால் கரண்டியோடு வந்து என் பின்னால் நிற்கிறார். "எங்கூட்டுக்காரரு பேசிட்டாருங்களா?" பேசிவிட்டார், இரண்டு தடவை என்றேன். "ஒரு தடவைக்கே வாயத் தொறக்க மாட்டாரே" என்று சிரித்துக்கொண்டு போனார்.

39: இல்லை.

ஜூலை 11, சனி

மாலை 5.30. குழு 7: உதவி.

ரேஞ்சரைக் கூப்பிட ஓடினேன். அவர் வந்து பாதை வரைபடத்தை விரித்து, யார் யாரை அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே 6.10-க்கு மறுபடி குழு 7: நலம்.

ரேஞ்சர் பெருமூச்சு விட்டார். "திருகியை மாத்தித் திருப்பிட்டாங்க. அப்புறம் பார்த்துத் திருத்திட்டாங்க. உசுரே போயிடுச்சு மேடம்."

மயிலாத்தா கதவோரம் நின்றிருந்தார். ஜீப் டிரைவர் போய் அவரிடம் சொல்லியிருக்கிறான். "அவரு மாத்தித் திருப்பற ஆளில்லீங்களே" என்றார் யாரையும் பார்க்காமல்.

ஜூலை 12, ஞாயிறு

5.31-க்கு 7: உதவி. 5.52-க்கு 7: நலம்.

இரண்டு நாள் ஒரே மாதிரி யாரும் மாற்றித் திருப்பமாட்டார்கள். ரேஞ்சர் முடிவு செய்துவிட்டார். கயிறு கட்டி ஆற்றைக் கடக்கத் தெரிந்த ஆறு பேர் இருக்கிறார்கள். நாளைக் காலை வடக்கே, மூங்கில்பாறைக்கு, மாசிலனின் குழுவைத் தேடிப் போகிறார்கள். தீயணைப்பு ஆட்கள் எல்லாரும் மலைப்பாதை மண்சரிவு மீட்பில் இருக்கிறார்கள். மற்ற ஊழியர்கள் எல்லாரும் காட்டில். ஆறு பேர்தான் மொத்தமே.

அதற்குப் பிறகுதான் புரோகிராமைத் திறந்தேன். திறந்து பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

எழுதிவிடுகிறேன். ஐந்து ஸ்விட்சால் 31 வரைதான் எண்ண முடியும். முதலில் கருவிகளே இருபத்து நான்கு என்பதால் அது தாராளம். மார்ச்சில் இன்னும் பதினாறு வந்தன, மொத்தம் நாற்பது. இங்கே திரையில் பட்டியலை நாற்பது வரிசையாக நீட்டினேன். கருவிக்குள் இருக்கும் புரோகிராமை நீட்டவில்லை. 39 என்று எழுத ஆறு ஸ்விட்ச் வேண்டும். ஐந்துக்குத்தான் இடம். ஆறாவதை வெளியே தள்ளிவிட்டுத்தான் அது மூட்டை கட்டும். ஆறாவதின் மதிப்பு 32. 39-ல் 32 போனால் 7.

புதுக் கருவிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். 25-லிருந்து 30 வரை. சாப்பாட்டு மணி அடித்தது. மீதியும் இதே மாதிரிதானே என்று எடுத்து வைத்துவிட்டேன்.

ஆக, 39 ஊமை இல்லை. முதல் நாளிலிருந்தே பேசிக்கொண்டிருக்கிறது, 7 என்ற பெயரில். இரண்டு குழுவில் ஒன்று நன்றாக இருக்கிறது. ஒன்று உதவி கேட்கிறது. எது என்று தெரியாது. அனுப்பாத பிட்டை இங்கே எந்தப் புரோகிராமும் எடுக்க முடியாது. ஒவ்வொரு கருவியின் அலைவரிசையும் ஒரு மயிரிழை வித்தியாசப்படும், அதை வைத்துப் பிரிக்கலாம் என்று பார்த்தேன். கோபுரம் எல்லாவற்றையும் வாங்கித் தன் குரலில்தான் திருப்பிச் சொல்கிறது. கருவிக்குப் பேச மட்டும்தான் தெரியும், கேட்கத் தெரியாது. நான் இங்கிருந்து ஒரு வார்த்தை கேட்கவும் வழியில்லை. மூங்கில்பாறை வடக்கே, சிவநேசன் இருக்கும் கருஞ்சோலை மேற்கே. ஒரு பக்கம் போய்விட்டு இன்னொரு பக்கம் போக ஐந்து நாளாகும்.

பிறகு நேரத்தைப் பார்த்தேன். ஒரு வாரத்துப் பதிவையும் வரிசையாகப் போட்டேன். 7 என்று வந்த இரண்டில் ஒன்று 5.30, 5.29, 5.31, 5.30, 5.30, 5.31. பிசகவே இல்லை. மற்றது 6.20, 5.05, 6.45, 5.50, 6.10, 5.52. மனம் போனபடி.

வாட்ச் இல்லாத மனிதருடையது எது, கடிகாரம் மாதிரி வருகிறவருடையது எது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உதவி கேட்பது ஐந்தரை மணிச் செய்தி.

சிவநேசன்.

ஜூலை 13, திங்கள்

ஆறு பேரும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபோது போய் ரேஞ்சரிடம் சொன்னேன். என் தப்பு என்று முதலில் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி, அப்ப ரெண்டுல எது?"

"39 சார். மேற்கே."

"எப்படிச் சொல்றீங்க?"

நேரக் கணக்கைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "சிவநேசன் மணி பார்த்து வேலை செய்யற ஆளுன்னு எனக்குத் தோணலையே மேடம். கையெழுத்துப் போடவே பத்து தடவை கூப்பிடணும்."

"எனக்குத் தெரியும் சார்."

அவர் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் மறுபடி கேட்டார். "உறுதியா?"

"உறுதி."

மேற்கே போனார்கள். சரிபண்ணிய 12-ம் கருவியைக் கையோடு கொடுத்தேன். அங்கே எல்லாரும் நன்றாக இருந்தால் உடனே திரும்பி வடக்கே போகச் சொல்லியிருக்கிறது, ஒரு பேச்சுக்கு.

மயிலாத்தா நேற்றிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. அடுப்படியில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரு. உதவி கேக்கறது அவர் இல்ல. மெஷின்ல நம்பர் கலந்துபோச்சு."

"நெசமாத்தானுங்களா?"

"நெசம்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம். அப்புறம் எடுத்துவிட்டு, "அப்ப அது காவலர் தம்பீங்களா? ஐயோ, கல்யாணம்கூட ஆகலீங்களே" என்றார். தன் பாரம் இறங்கின மறுநொடியே இன்னொருவரின் பாரத்தை எடுத்துக்கொண்டார். எனக்கு அது வரவில்லை. மாசிலனாக இருக்கக் கூடாதா என்று நேற்று ராத்திரி முழுக்க நினைத்தவள் நான்.

"எப்படீங்க கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார்.

"அது ஒரு கணக்கு. சொன்னாப் புரியாது" என்றேன். விளக்க எனக்குத் தெம்பில்லை.

ஜூலை 14, செவ்வாய்

5.30: உதவி. இன்னும் அழுத்துகிறான். அழுத்தும் தெம்பு இருக்கிறது. அவன் என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.

4.50-க்கு ஒரு நலம். மாசிலனுக்கு இன்று பொழுது சீக்கிரம் சாய்ந்துவிட்டது போல.

மயிலாத்தா அதைக் கேட்டுவிட்டு இன்று பாசிப்பருப்புப் பாயசம் வைத்தார். குடித்தேன்.

ஜூலை 15, புதன்

பிற்பகல் 3.10. குழு 12: சேர்ந்துவிட்டோம்.

3.14. குழு 12: நலம்.

நலம் என்பதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டே எதற்கு? சத்தமாகச் சிரித்துக்கூட விட்டேன். ஓர் ஐந்து விநாடி இருக்கும். அதற்கப்புறம்தான் புரிந்தது.

ரேஞ்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப மாசிலன்" என்றார். உடனே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடப் போனார். சரிவில் இன்னும் இரண்டு வண்டி புதைந்து கிடக்கிறதாம். பக்கத்துச் சரகத்தில் கேட்டார். அங்கே ஆள் இருக்கிறது, வர வழி இல்லை.

5.30. குழு 7: உதவி.

திரையைத் தொட்டுப் பார்த்தேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமல்தான்.

மயிலாத்தாவிடம் ரேஞ்சரே போய்ச் சொன்னார். அழுகுரல் எதுவும் கேட்கவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் நின்றது.

ஜூலை 16, வியாழன்

ஆறு பேரும் திரும்பி நடந்துகொண்டிருப்பார்கள். எங்கே என்று தெரியாது. இங்கே நான் புரோகிராமைத் திருத்தினேன். குழு எண்ணுக்கு ஆறு பிட், ஒரு பைட்டுக்குப் பதில் இரண்டு. மூன்று வரி மாற்றம், கால் மணி நேர வேலை. இப்போது காட்டில் இருக்கும் கருவி எதற்கும் அது போய்ச் சேராது. செய்யாமல் இருக்க முடியவில்லை, அதனால் செய்தேன்.

மயிலாத்தா மதியமே வந்து என் அறையில் தரையில் உட்கார்ந்துகொண்டார். நாற்காலியைக் கொடுத்தேன், மறுத்துவிட்டார். ஒரு தடவை மட்டும், "நாம இங்கிருந்து ஒண்ணும் சொல்ல முடியாதுங்களா? ஆள் வருதுன்னு மட்டும்?" என்று கேட்டார்.

"முடியாதுங்க. அதுக்குக் காது இல்லை."

"காதையும் வச்சிருக்கலாமுங்களே."

பேட்டரிக்காக அதை எடுத்துவிட்டது நான்தான்.

5.30: உதவி.

ஜூலை 17, வெள்ளி

5.30: இல்லை.

5.40: இல்லை.

6.25: நலம். அது மேற்கிலிருந்து. அதைப் பார்க்கவே எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஜூலை 18, சனி

காலை 11.20. குழு 12: சேர்ந்துவிட்டோம்.

11.21. குழு 12: இறப்பு.

ஒரு பைட். ஐந்து ஸ்விட்சில் 12. மூன்று ஸ்விட்சில் அது. ஒரு பிழையும் இல்லாமல் சுத்தமாக வந்து சேர்ந்தது.

ஜூலை 20, திங்கள்

மாசிலனைத் தொட்டில் கட்டித் தூக்கிவந்தார்கள். பதினொன்றாம் தேதி பிற்பகலில் மரக்கிளை முறிந்து இடுப்பில் விழுந்திருக்கிறது. இறந்தது வெள்ளிக்கிழமை மதியம். கூட இருந்த காளியன் ரேஞ்சரிடம் சொன்னதை நான் ஜன்னல் பக்கம் நின்று கேட்டேன். "கோபுரம் தெரியற பாறைக்கு ஏறி எறங்க ஒன்றரை மணி நேரமுங்க. அவர உட்டுட்டுப் போகமாட்டேன்னு சொன்னேன். கேக்கல. நேரமாச்சு, ஏறுடான்னு வெரட்டிட்டே இருந்தாருங்க. வெள்ளிக்கெழமை வெரட்டறதுக்கு ஆளில்ல. நானும் ஏறலீங்க."

திங்களன்று வடக்கே போயிருந்தால் புதன்கிழமை மதியம் சேர்ந்திருப்பார்கள். என் புரோகிராம் காட்டிய எண்ணை அப்படியே நம்பியிருந்தால் போதும். தப்பான புரோகிராம் சரியான எண்ணைத்தான் காட்டியது. தப்பை நான் கண்டுபிடித்தேன்.

மேற்குக் குழுவும் வந்துவிட்டது. சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் டீக்கு வந்து நின்றார். இளைத்து, தாடியோடு. நான் கேட்டது ஒன்றுதான். "அங்க எத்தனை மணிக்கு அழுத்துனீங்க?"

"அங்க யாரு மேடம் மணி பார்த்தா? நெனப்பு வந்தப்ப அழுத்துவோம். ஏன்?"

"இங்க தெனமும் சரியா ஐந்தரைக்கு வருவீங்களே?"

"இங்க வர்றது வேற" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

ஒரு வாரம் முன்னால் இதைக் கேட்டிருந்தால் எப்படி இருந்திருப்பேனோ. டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 21, செவ்வாய்

அடக்கம். பின்னால் நின்றேன்.

ஜூலை 23, வியாழன்

கம்பெனி திரும்பி வரச் சொல்லிவிட்டது. ரேஞ்சர் அறிக்கையில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதியிருக்கிறார். நான் நடந்ததை நடந்தபடி எழுதித் தனியாக ஒன்று கொடுத்தேன். வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். "ஊருக்குப் போங்க மேடம்" என்றார்.

போவதற்கு முன் மயிலாத்தாவின் வீட்டுக்குப் போனேன். அலுவலகத்துக்குப் பின்னால், குடியிருப்பில் மூன்றாவது. உள்ளே கூப்பிட்டுப் பாய் விரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன், இந்த முறை முழுசாக. தாளில் எட்டுக் கட்டம் போட்டு, எந்தக் கட்டம் எண்ணுக்கு, எது செய்திக்கு, எது கீழே விழுந்தது என்று காட்டினேன். கவனமாகக் கேட்டார். எல்லாம் புரிந்தது அவருக்கு. இரண்டு குழுவில் எது என்று நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்தேன் என்று சொன்னபோது மட்டும் நிறுத்தச் சொன்னார்.

"அஞ்சரைக்கு வந்தது ஆருதுன்னு தெரியாமத்தான் அந்தப் பக்கம் போகச் சொன்னீங்களா?"

ஆமாம் என்றேன். அவரிடம் வாட்ச் இல்லை, அதனால் அவராக இருக்காது என்று நினைத்தேன் என்றேன்.

மயிலாத்தா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய பையனோட கடியாரத்த வாங்கிக் கட்டிட்டுத்தானுங்க போனாரு. பொழுது சாயறப்பன்னு நீங்க சொன்னதுல அவருக்கு மனசு ஒப்பல. அஞ்சரைன்னு மொதல்ல சொல்லுச்சு, ஒரு நிமிசம் தப்புனாலும் அம்மிணி கோவிச்சுக்கும்னு சொல்லிட்டேதான் படியெறங்குனாரு." குரல் உயரவே இல்லை. "பத்தடி தூரத்துல அடுப்படியிலதானுங்க இருந்தேன். என்ர கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதுங்களா?"